ஹோபி பேக்கர்: ஐஸ் ஹாக்கிதான் அவரை ராணுவ அதிகாரி ஆக்கியதா?

கேள்வி: கிண்டி கேடட்

விளையாட்டிலிருந்து படைக்குச் சென்ற ஒருவரைப் பற்றி எங்கள் கல்லூரி என்.சி.சி. பிரிவின் ஆண்டு விழாவில் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று எங்கள் பொறுப்பு அதிகாரி என்னைப் பணித்திருக்கிறார். மேஜர் தயான் சந்தைப் பற்றி ஆண்டுதோறும் யாராவது ஒருவர் பேசிவிடுகிறார். நான் மாலை வேளைகளில் சக்கரக் காலணி அணிந்து ஆடும் இன்லைன் ஹாக்கி ஆடுகிறவன் என்பதால், சக்கரத்திலிருந்து பனிக்குச் சற்றே தாவி, சென்னையில் அதிகம் அறியப்படாத அமெரிக்கரான ஹோபி பேக்கரைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் திரட்டிய செய்திகள் இவை. பேக்கர் 1892 இல் பென்சில்வேனியாவில் பிறந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் தலைவராக இருந்து, 1914 இல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் போர் விமானியாகப் பணியாற்றி, கேப்டன் நிலைக்கு உயர்ந்து, ஒரு விமான அணிக்குத் தலைமை ஏற்றார். போர் நின்று ஆறு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1918 டிசம்பர் 21 அன்று, தூல் என்ற ஊரில் விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 26. அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் சிறந்த ஆட்டக்காரருக்கு 1981 முதல் அவர் பெயரில்தான் விருது வழங்கப்படுகிறது.

'பனித்தளத்தில் கற்ற தலைமைப் பண்பே அவரை அதிகாரியாக்கியது' என்று என் உரையின் மையக் கருத்தை எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துப் பார்த்த என் அக்கா, "அவர் ஹாக்கி மட்டையையே தொடாமல் பிரின்ஸ்டனில் படித்திருந்தால் அதிகாரி ஆகியிருக்க மாட்டாரா?" என்று கேட்டார். அக்கா வரலாறு படிப்பவர்; இப்படிக் கேட்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் எனக்கு விடை தெரியவில்லை. இவரைப் போன்றவர்கள் வேறு யாரேனும் இருக்கிறார்களா, அவர்கள் வாழ்க்கையிலிருந்து இதற்கு விடை கிடைக்குமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாகப் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்கு (ஓ.டி.ஏ.) நானே விண்ணப்பிக்க இருப்பதால், இந்தக் கேள்வி எனக்கு உரைக்காக மட்டும் தேவைப்படுவதன்று.


பதில்: மயிலை வாசகர்

உங்கள் அக்கா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். பேக்கருக்கு அதிகாரிப் பதவி கிடைப்பதற்கு வழி அமைத்தது ஹாக்கி அன்று, பிரின்ஸ்டன். அக்காலத்து அமெரிக்க ராணுவம் தன் விமானிகளைப் பெரும்பாலும் கல்லூரியில் படித்த இளைஞர்களிடமிருந்தே தேர்ந்தெடுத்தது. விமானிகளாகத் தேறியவர்கள் அதிகாரிகளாகவே நியமிக்கப்பட்டார்கள். பேக்கர் பட்டம் பெற்ற பிறகு நியூயார்க்கில் ஜே.பி. மார்கன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே செயின்ட் நிக்கலஸ் குழுவுக்காக ஊதியமின்றி ஆடினார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த அழைப்புகளை ஏற்கவில்லை. 1916 இல், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, நியூயார்க் துறைமுகத்திலுள்ள கவர்னர்ஸ் தீவில் விமானப் பயிற்சி பெறத் தொடங்கினார். வங்கி வேலையில் இருந்துகொண்டு அத்தகைய பயிற்சிக்குப் போவதற்கு நேரமும் வசதியும் அறிமுகங்களும் வேண்டும். அவருடன் பறந்தவர்களில் பலர் பெரிய கல்லூரிகளில் படித்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள்; அவர்கள் அனைவரும் ஹாக்கி ஆடியவர்கள் அல்லர்.

அப்படியானால் ஆட்டத்துக்கு இதில் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் இடத்தில் இல்லை. பேக்கர் ஆடிய காலத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். இன்று இல்லாத ரோவர் என்ற ஏழாவது இடம் ஒன்று இருந்தது. குறிப்பிட்ட எல்லைக்குள் கட்டுப்படாமல் தளம் முழுவதும் தன் விருப்பப்படி சுற்றி ஆடுபவருக்குரிய அந்த இடத்தில்தான் பேக்கர் ஆடினார். பக் எனப்படும் ஆட்ட வட்டை முன்னோக்கிக் கடத்துவதற்கு அன்றைய விதிகள் இடம் தரவில்லை. ஆகவே தன் கோல் பக்கமிருந்து பக்கை எடுத்துக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொருவரையும் தனியாகவே ஏய்த்துக் கடந்து மறுமுனைக்குப் போகக்கூடியவரே அன்றைய ஆட்டத்தின் நாயகர். மாற்று ஆட்டக்காரர்களும் அரிது. தொடங்கியவர்களே ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் ஆடி முடித்தார்கள். இன்று முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஐஸ் ஹாக்கியை மனத்தில் வைத்துக்கொண்டு 'கூட்டு முயற்சி', 'தலைமைப் பண்பு' என்றெல்லாம் அவருக்குப் பொருத்திப் பேசினால் வரலாறு பிழைபடும். அவர் ஆடியது தனி ஒருவரின் வேகத்தையும் துணிச்சலையும் கொண்டாடிய ஆட்டம்.

இந்த இடத்தில்தான் விமானப் போர் வந்து பொருந்துகிறது. பதுங்கு குழிகளில் ஆயிரக்கணக்கானோர் பெயரின்றி மடிந்துகொண்டிருந்த அந்தப் போரில், தனி மனிதனின் திறமை தனியாகத் தெரிந்த களம் வானம் ஒன்றுதான். ஓரக்கண்ணால் பல திசைகளையும் கவனித்துக்கொண்டே மிகுந்த வேகத்தில் திரும்பி வளையக் கற்றிருந்த ஒரு ரோவருக்கு அந்தக் களம் கவர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை. எனவே, கல்லூரி அவருக்குப் பதவிக்கு வழி திறந்தது, ஆட்டம் அவர் எந்த வகைப் போர்வீரர் ஆவார் என்பதைத் தீர்மானித்தது என்று பிரித்துச் சொல்வது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும் என்று கருதுகிறேன்.

படையில் தலைமை என்பது அவருக்குப் பிற்பாடுதான் வந்தது. 1917 இல் பிரான்சுக்குச் சென்றவர், பயிற்சி, பயிற்றுவித்தல் என்று நெடுங்காலம் பின்வரிசையிலேயே நிறுத்தப்பட்டு, 1918 வசந்தத்தில்தான் 103 ஆம் ஏரோ ஸ்குவாட்ரன் என்ற விமான அணியில் முன்வரிசைக்கு வந்தார். அதே ஆண்டு கோடையின் இறுதியில் 141 ஆம் ஸ்குவாட்ரனின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த அணியின் விமானங்களுக்கு அவர் தேர்ந்தெடுத்த நிறங்கள் பிரின்ஸ்டனின் ஆரஞ்சும் கறுப்பும். சின்னம் பிரின்ஸ்டனின் புலி. பிரெஞ்சு அரசு அவருக்குக் குவா த கேர் பதக்கம் அளித்தது.

அவருடைய முடிவை உங்கள் உரையில் மென்மையாக்கிச் சொல்லாதீர்கள். தாயகம் திரும்புவதற்கான ஆணை அவர் கையில் வந்துவிட்டது. அந்த நிலையில், மழை நாளொன்றில், அருகிலிருந்தவர்கள் வேண்டாம் என்று தடுத்தும், பழுது நீக்கப்பட்டு வந்திருந்த ஸ்பாட் விமானம் ஒன்றைச் சோதிக்கத் தாமே ஏறிச் சென்றார். தரையை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் இன்ஜின் நின்றது. போர் இல்லை, எதிரி இல்லை, அவசரமும் இல்லை. ஓர் அணித் தலைவர் செய்திருக்கக் கூடாத செயல் அது என்பதே என் கருத்து. தனியாகப் பக்கை எடுத்துக்கொண்டு ஓடிய அந்த ஆட்டக்காரர் அதிகாரியை வென்றுவிட்ட தருணம் என்று அதைச் சொல்வேன்.


பதில்: நந்தம்பாக்கத்து ஓய்வாளர்

தம்பி, நான் தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மயிலை வாசகர் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பழுது நீக்கப்பட்ட விமானம் ஒன்று நிற்கிறது. அதை யாரேனும் ஒருவர் பறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அணித் தலைவர் மறுத்தால், அன்று மாலையோ மறுநாளோ அவருக்குக் கீழே உள்ள ஓர் இளம் விமானி அதில் ஏறியிருப்பார். தான் ஏறத் தயங்குகிற விமானத்தில் தன் ஆளை ஏற்றக் கூடாது என்று ஒரு தலைவர் நினைத்தால், அதை ஆட்டக்காரரின் வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. மழை நாளில் ஏறியதைக் குறை சொல்லலாம். தாமே ஏறியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டு நிலையையும் சற்று எண்ணிப் பாருங்கள். தயான் சந்த் 1922 இல் சிப்பாயாகச் சேர்ந்தார். 1956 இல் மேஜராக ஓய்வு பெற்றார். கல்லூரியில் ஆடிவிட்டு அதிகாரியாகப் படைக்கு வந்தவர் அல்லர் அவர். படைக்கு வந்த பிறகே ஆட்டக்காரராக வளர்ந்து, ஆட்டத்தின் புகழோடு படிநிலைகளில் ஏறியவர். ஒலிம்பிக் கோல்கீப்பர் சங்கர் லட்சுமணும் அவ்வாறே படை இசைக்குழுவில் சேர்ந்து, கேப்டனாக ஓய்வு பெற்றார். எழும்பூர் ராதாகிருஷ்ணன் அரங்கில் முருகப்பா தங்கக் கோப்பைக்கு ஆட வருகிற ராணுவ அணியைப் பார்த்திருப்பீர்கள். அந்த அணியில் பெரும்பாலும் ஜவான்களும், அவர்களுக்கு மேலே அதிகாரிகளுக்குக் கீழே உள்ள ஜே.சி.ஓ.க்களும்தாம் இருப்பார்கள். லடாக்கில் பணியாற்றியபோது குளிர்காலத்தில் உறைந்த குளங்களின் மேல் ஐஸ் ஹாக்கி ஆடுவதைக் கண்டிருக்கிறேன். லே நகரின் கர்சூ குளம் அதற்குப் பெயர் பெற்றது. அந்த ஆட்டம் அங்கே வளர்ந்ததில் ராணுவத்துக்கும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைக்கும் பெரும் பங்கு உண்டு; தேசியப் போட்டிகளில் இவ்விரண்டு அணிகளும் லடாக் அணியும் முன்னணியில் நிற்கின்றன. அங்கும் நான் பார்த்த நல்ல ஆட்டக்காரர்கள் லடாக் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவின் ஜவான்களே. ஆகவே 'ஐஸ் ஹாக்கி அதிகாரிகளை உருவாக்குகிறது' என்ற உங்கள் கருத்தை லேயில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஓ.டி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிறப்பு நுழைவுக்குப் பட்டப் படிப்பில் 50 விழுக்காடும், என்.சி.சி. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும் வேண்டும். எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக அதிகாரித் தேர்வு வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) சோதனைகளும் நேர்காணலும்தான். அந்த ஐந்து நாள்களில் அவர்கள் தேடுவது பதினைந்து பண்புகளை. கோப்பைகளை எண்ணுவதற்கு அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பலகையையும் கயிற்றையும் கொடுத்து ஒரு தடையைக் குழுவாகக் கடக்கச் சொல்லும்போது, யோசனை சொன்னவர் யார், பிறர் சொன்ன நல்ல யோசனையை ஏற்றுக்கொண்டவர் யார், திட்டம் கெட்டபோது முகம் சுளித்தவர் யார் என்பதைத்தான் பார்க்கிறார்கள். அணியில் ஆடிப் பழகியவருக்கு அங்கே கூச்சம் குறைவாக இருக்கும் என்பது உண்மை. அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.


பதில்: வேளச்சேரி வாசி

நான் மினசோட்டாவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவள். கல்லூரி ஐஸ் ஹாக்கிக்குத் திருவிழாக் கூட்டம் கூடும் மாநிலம் அது. கேள்வி கேட்ட தம்பி பேக்கர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முயல்வதுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் நூறாண்டுக்கு முந்தைய விதிவிலக்கு. ஐஸ் ஹாக்கியும் அதிகாரிப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடங்களைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கழகம் அத்தகைய இடம். அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் 1919 முதல் 1922 வரை அதன் தலைவராக இருந்தபோது, தேர்ந்த சிலர் மட்டும் ஆடினால் போதாது, ஒவ்வொரு கேடட்டும் ஏதேனும் ஒரு விளையாட்டில் இறங்கியே ஆக வேண்டும் என்று விதித்தார். கனடாவின் கிங்ஸ்டனிலுள்ள ராயல் மிலிட்டரி காலேஜுடன் வெஸ்ட் பாயின்ட் ஆடத் தொடங்கிய ஐஸ் ஹாக்கிப் போட்டி 1923 இல் பிறந்தது. அந்தக் கிங்ஸ்டன் கல்லூரியோ 1886 இலேயே குயின்ஸ் பல்கலைக்கழகத்துடன் ஐஸ் ஹாக்கி ஆடியிருக்கிறது. இங்கெல்லாம் ஆட்டக்காரர் பிற்பாடு அதிகாரி ஆவதில்லை. அதிகாரி ஆகப் போகிறவர் இடையில் ஆடுகிறார். அக்காவின் கேள்விக்கு இதுவே நேரான விடை என்பேன்.

வெஸ்ட் பாயின்ட் அணிக்கு 1950 முதல் 1986 வரை பயிற்சியாளராக இருந்த ஜாக் ரைலியையும் உங்கள் உரையில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் டார்ட்மத் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானி. 1948 ஒலிம்பிக்கில் ஆடினார். 1960 இல் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குப் பயிற்சியளித்துத் தங்கம் பெற்றுத் தந்தார். அவருக்குப் பின் அவருடைய மகன்கள் இருவர் அடுத்தடுத்து அதே பொறுப்பை ஏற்று, 2025 வரை அந்த அணி ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. பேக்கரைப் போல் இளமையில் மறைந்து காவியமாகாமல், போருக்குப் பின் உயிரோடு திரும்பி, பல தலைமுறை இளம் அதிகாரிகளைப் பனித்தளத்தில் பழக்கியவர் என்பதால் எனக்கு ரைலி மீதுதான் மதிப்பு அதிகம்.

இரண்டு பாதைகளும் முட்டிக்கொள்ளும் இடத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெஸ்ட் பாயின்ட், கொலராடோவிலுள்ள விமானப்படைக் கழகம் போன்ற இடங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாகப் பட்டம் பெற்றபின் குறைந்தது ஐந்து ஆண்டுகள் முழுநேரப் பணி செய்ய வேண்டும். ஆட்டக்காரரின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளும் அவைதாம். டான் ஹினோட் விமானப்படைக் கழகத்தை இடையிலேயே விட்டு விலகி, கொலராடோ அவலாஞ்ச் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்து, 2001 இல் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் இருந்தார். 2009 இல் வெஸ்ட் பாயின்டில் பட்டம் பெற்ற ஒரு தடுப்பாட்டக்காரர் பாஸ்டன் புரூயின்ஸ் என்ற தொழில்முறை அணியுடன் ஒப்பந்தம் செய்திருந்தும், முதலில் ராணுவப் பணிக்கே போக வேண்டியிருந்தது. அவரைப் போன்றவர்களுக்காகப் பணியைத் தள்ளிவைக்கும் வாய்ப்பு பின்னர் 2019 இல் வழங்கப்பட்டது. மொத்தத்தில் ஆட்டமும் படையும் அங்கே ஒன்றையொன்று வளர்ப்பது போலவே ஒன்றிடமிருந்து ஒன்று பறிக்கவும் செய்கின்றன.

ஓய்வாளர் ஐயாவுக்கு ஒன்று. விமானத்தைச் சோதிக்கும் கடமை பற்றி நீங்கள் சொன்னது நியாயமே. ஆனால் வேறொரு நாளில் சோதித்திருந்தாலும் அந்தக் கடமை நிறைவேறியிருக்கும் அல்லவா?


பதில்: மயிலை வாசகர்

ரைலியைப் பற்றிய குறிப்புக்கு நன்றி அம்மா. அதே வரிசையில் கனடாவின் கான் ஸ்மைதையும் வைக்கலாம். டொராண்டோ பல்கலைக்கழக ஜூனியர் அணியின் தலைவராக 1915 இல் ஒன்டாரியோ பட்டம் வென்ற கையோடு படையில் சேர்ந்து, பீரங்கிப் படை அதிகாரியாகி, மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றார். பின்பு விமானப் பிரிவுக்கு மாறி, 1917 இல் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் உரிமையாளர்களில் ஒருவராகச் செல்வாக்கோடு இருந்த அவர், இரண்டாம் போரில் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவைத் திரட்டி, மேஜராக மீண்டும் களம் சென்று, 1944 இல் பிரான்சில் படுகாயமடைந்தார். பயிற்சி போதாத ஆட்களைப் போர்முனைக்கு அனுப்புகிறார்கள் என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அரசைக் கடுமையாகச் சாடினார். கட்டாயப் படைச்சேர்ப்பு பற்றிய கனடா அரசியல் நெருக்கடியில் அந்தக் குரலுக்கும் பங்கு உண்டு. பேக்கரிடம் இல்லாத ஒன்று ஸ்மைதிடம் இருந்தது. அவர் தம் ஆட்களுக்காக வாதாடினார். அதை ஆட்டக்காரராக இருந்தபோது கற்றாரா, அணி உரிமையாளராக இருந்தபோது கற்றாரா என்று கேட்டால், பின்னதையே சொல்வேன்.


கேள்வி கேட்டவர்: கிண்டி கேடட்

மூவருக்கும் நன்றி. மையக் கருத்தை மாற்றி எழுதப் போகிறேன். பேக்கரின் ரோவர் இடத்தையும், அன்றைய ஆட்டத்தில் முன்னோக்கிக் கடத்துதல் இல்லாமையையும் விரிவாகச் சொல்லிவிட்டு, அவருடைய கடைசிப் பறத்தலைப் பற்றி இங்கே எழுந்த இரண்டு கருத்துகளையும் அவையின் முன் வைத்து, எது சரி என்று கேடட்டுகளிடமே கேட்க எண்ணுகிறேன். ரைலிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்க முடியும். ஸ்மைதுக்கு இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை.

ஓய்வாளர் ஐயாவிடம் ஓர் ஐயம். எஸ்.எஸ்.பி. படிவத்தில் விளையாட்டு என்ற இடத்தில் இன்லைன் ஹாக்கி என்று எழுதினால் நேர்காணல் அதிகாரிக்குப் புரியாமல் போகுமோ என்று நண்பர்கள் அஞ்சுகிறார்கள். ஐஸ் ஹாக்கி என்றே எழுதிவிடலாமா?


பதில்: நந்தம்பாக்கத்து ஓய்வாளர்

வேளச்சேரி அம்மையார் கேட்டதற்கு முதலில் பதில்: ஆம், வேறொரு நாளில் சோதித்திருக்கலாம். ஊர் திரும்பும் ஆணை கையில் இருந்ததால் அவருக்கு வேறொரு நாள் இல்லாமல் போயிற்று என்பது என் எண்ணம். அடுத்து வரும் தலைவரிடம் அதை விட்டுச் சென்றிருக்கலாமே என்பீர்கள். விட்டுச் செல்ல மனம் ஒப்பாதவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் நல்ல அதிகாரிகள் என்று சொல்ல மாட்டேன்.

தம்பி, ஆடாத ஆட்டத்தை எழுதாதீர்கள். நேர்காணல் முழுவதும் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்கும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லிலிருந்தும் கேள்வி பிறக்கும். இன்லைன் ஹாக்கி என்று எழுதினால் அது என்ன ஆட்டம் என்று கேட்பார்; நீங்கள் அன்றாடம் ஆடுவதைத் தெளிவாக விளக்க உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. ஐஸ் ஹாக்கி என்று எழுதினால், எதிரே உட்கார்ந்திருப்பவர் இரண்டு குளிர்காலம் லேயில் இருந்தவராக இருக்கலாம். சென்னையில் எந்தத் தளத்தில் ஆடினீர்கள் என்று அவர் கேட்பார்.